பனியன் பெட்டி முருகனின் முகம்

ஜெர்மனிக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு முகத்தை அழிக்கப் போனேன்.

எங்கள் திருப்பூர்க் கம்பெனி பனியன் பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளில் இருக்கிற முருகனின் முகம் அது. யுத்தத்துக்கு முன்னால் கோயமுத்தூர் ஏஜெண்ட் ஒருவர் மூலமாக ஜெர்மனியில் கல்லச்சில், அதாவது கல்லில் படம் வரைந்து அச்செடுக்கும் முறையில், அடித்து வரவழைத்த லேபிள். மயில், வேல், பின்னால் மலை. அச்சு அவ்வளவு சுத்தம். பனியன் கிழிந்து கைத்துணியான பிறகும் ஜனங்கள் அந்த லேபிளை விடவில்லை. பெட்டியிலிருந்து நனைத்து உரித்து, கண்ணாடி போட்டுச் சாமி படங்களோடு மாட்டிக்கொண்டார்கள். காங்கேயத்து எண்ணெய் மில்லில், அவிநாசி டீக்கடையில், எங்கே போனாலும் அவர் இருப்பார். என் வீட்டிலும் இருக்கிறார். என் மனைவி தினமும் பூ வைக்கிறாள்.

எனக்கு அந்த முகம் பிடிக்காது. நீலக் கண். ஆப்பிள் கன்னம். ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குப் பட்டுக் கட்டி மயில் மேல் ஏற்றி உட்கார வைத்தது போல இருக்கும். மலை உச்சியில் வெள்ளை வெள்ளையாக எதையோ பூசியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதை விபூதி என்பார்கள். "மலைக்கே பட்டை போட்டிருக்கறான் பாருங்க, என்னா பக்தி!" என்று ஒரு வியாபாரி என்னிடமே உருகியிருக்கிறார். போதாததற்கு வேல் இடது கையில்.

நான் அந்தக் கம்பெனியின் ஆர்ட்டிஸ்ட். பதினைந்து வருஷமாகச் சுவர்களில் விளம்பரம் எழுதுகிறவன். யுத்தத்துக்கு முந்தைய லேபிள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முருகனை எழுதி எழுதித் திட்டியிருக்கிறேன். கண்ணைக் கறுப்பாக்கினேன். நிறத்தை மாநிறமாக்கினேன். இனி இது நம் ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

யுத்தத்தில் ஜெர்மன் லேபிள் நின்றுபோனது. பிறகு சிவகாசியில் பார்த்து அடித்தார்கள். அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று. கடைசியில் முருகனுக்கு மூஞ்சியே இல்லாமல் ஒரு கொழுக்கட்டை மட்டும் மிஞ்சியது. அறுபதுகளின் நடுவில் முதலாளி லேபிள் அடித்த அந்த ஜெர்மன் ஊர்ப் பக்கமிருந்தே பின்னல் மெஷின் ஒன்று வாங்கினார். அதை ஓட்டப் பழக ஃபிட்டர் சாமியப்பனை அனுப்பினார். கூட என்னையும்.

"அந்தக் கல்லு இன்னும் கெடந்தா கொண்டாந்துரு. மெஷின் பெட்டியிலயே போட்டுக் கப்பல்ல ஏத்திரலாம். மூஞ்சிய உன் இஷ்டத்துக்கு மாத்திக்கோ. ஆனா வேல் எடக்கையிலதான் இருக்கோணும்" என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. கள்ள லேபிள் அடித்தவர்களெல்லாம், இது தப்பு என்று நினைத்து, வேலாயுதத்தை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். மதுரை, திண்டுக்கல் வியாபாரிகள் பெட்டியை எடுத்ததும் கையைத்தான் பார்ப்பார்கள். இடது கை என்றால் அசல். முகத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, எனக்கு மட்டும்தான்.

முதல் நாளே ரயில் எங்களை ஏமாற்றியது. அந்த ஊர் ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. நாங்கள் பின்பாதியில் ஏறி, ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒரு குக்கிராமத்தில் போய் இறங்கினோம். மார்ச் மாதம். வெயில் அடித்தது, ஆனால் அந்த வெயிலில் சூடே இல்லை. படத்தில் வரைந்த வெயில் மாதிரி.

"ஏனுங்க ஆர்ட்டிஸ்டண்ணா, இங்க சூரியன்கூட ஐஸ் பொட்டியில வெச்சதாட்ட இருக்குதுங்க" என்றான் சாமியப்பன். அவன் ஊத்துக்குளிக்காரன். மெஷின் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுக்க என்று ஒரு டின் நெய்யை மடியில் குழந்தை போல வைத்திருந்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் டிக்கெட்டைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, சிரிக்கவுமில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். அடுத்த ரயிலில் எங்களை ஏற்றி, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் எங்களை ஒப்படைத்தார். நம் ஊரில் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி விடுவது போல. அந்த அம்மா ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எங்களைப் பார்த்து, இது இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். எனக்குக் கோபம் என் மேல்தான். அவர்கள் மேல் கோபப்பட ஒன்றும் அகப்படவில்லை.

தங்கிய வீட்டில் உருளைக்கிழங்கு. மறுவேளையும் உருளைக்கிழங்கு. மூன்றாம் வேளை இடியாப்பத்தைத் துண்டு துண்டாக வெட்டியது போல ஒன்றைக் குழம்பில் போட்டுக் கொடுத்தார்கள். அது நன்றாக இருந்தது. சாமியப்பன் தட்டைப் பார்த்துவிட்டு, "இவிய பொழப்பு பூராத்தையும் கெழங்குலயே ஓட்டிப்போட்டாங்களா?" என்றான். கையோடு கொண்டுபோன பருப்புப் பொடியை எடுத்தான். டின்னைத் திறந்தால் நெய் குளிரில் கல்லாக உறைந்திருந்தது. கத்தியால் வெட்டி எடுத்தான். வீட்டுக்கார அம்மா மோந்து பார்த்து, ரொட்டியில் தடவித் தின்று, டின்னைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குக் கிழங்கு குறைந்தது, மரியாதை கூடியது. மெஷின் கம்பெனிக்கு நெய் போய்ச் சேரவே இல்லை.

இரண்டாம் நாள் மெஷின் கம்பெனி. கதவைத் திறந்ததும் அதே பின்னல் மெஷின் சத்தம், காற்றில் அதே பஞ்சுத் தூசி. கண்ணை மூடிக்கொண்டால் திருப்பூர். சாமியப்பனுக்கு அங்கே மொழியே தேவைப்படவில்லை. ஊசியைக் காட்டினால் அவர்களுக்குப் புரிந்தது, கேம் சக்கரத்தைக் காட்டினால் இவனுக்குப் புரிந்தது. எனக்குத்தான் ஆள் தேவை. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு வந்திருந்த ரோசம்மா என்ற பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். பாலக்காட்டுப் பக்கம், தமிழ் நன்றாகப் பேசும். மலையாளம் கொஞ்சம் கலந்த தமிழ்.

மூன்றாம் நாள், லேபிள் அடித்த அச்சாபீஸ். யுத்தத்தில் பாதி இடிந்து மறுபடி கட்டியது. முற்றத்தில் தளமாகப் பதித்திருந்த கற்களைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். எல்லாம் பழைய அச்சுக் கற்கள். புதிய மெஷின் வந்துவிட்டதால் கல்லுக்கு வேலையில்லை, தரையில் போட்டு மிதிக்கிறார்கள். ஒரு கல்லில் யானை தெரிந்தது. இன்னொன்றில் ஒரு பெண்ணின் பாதி முகம்.

"கேளு அம்மிணி, இவங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்றேன்.

"அதை அப்படியே சொல்லணுமோ அண்ணா?"

"அப்படியே சொல்லு."

அவள் வேறு எதையோ சொன்னாள். போர்மேன் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்.

என் லேபிளைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கீழே நிலவறைக்குப் போனார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஒரு கல் வந்தது. குண்டு விழுந்தபோது நிலவறை மூடிக்கொண்டதால் இது தப்பித்ததாம். மற்ற வண்ணங்களைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், கோடுகள் உள்ள மூலக்கல் இதுதான் என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். கல்லில் வேல் வலது கையில் இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லில் இடப்பக்கம் இருப்பது அச்சில் வலப்பக்கமாக விழும். எதிர்ப்பக்கமாக வரைய வேண்டும் என்பதை மறந்து எவனோ நேராக வரைந்துவிட்டான். எங்கள் வியாபாரிகள் முப்பது வருஷமாக அசலுக்கு அடையாளமாகப் பார்த்தது ஒரு கற்றுக்குட்டியின் கைத்தவறு.

"எவன் வரைந்தது?" என்று கேட்டேன்.

"எவள் என்று கேளுங்கள்" என்றாராம் போர்மேன். ஹில்டா என்று ஒரு பெண். இப்போது பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் சொல்லிக்கொடுக்கிறார். கல்லில் கை வைக்கத் தெரிந்த கடைசி ஆள் அந்த ஊரில் அவர்தான். முகத்தை மாற்ற வேண்டுமானாலும் அவர்தான் வர வேண்டும்.

நான்காம் நாள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உயரம், ஒல்லி, விரல்களில் சாக்பீஸ் தூள். மேஜை மேல் இருந்த கல்லைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். விரலின் பின்பக்கத்தால், முருகனின் கன்னம் இருக்கும் இடத்துக்கு மேலே, தொடாமல், ஒரு தடவை நீவினார். எனக்கு அதெல்லாம் கவனிக்கப் பொறுமையில்லை. பதினைந்து வருஷக் கோபம் வாயில் நின்றது.

"கேளு அம்மிணி. ஏன் நீலக் கண் வெச்சாங்க? ஏன் வேல் தப்பான கையில? பழனி மலையில எங்கேயாவது வெள்ளை இருக்குதா? பார்க்காததை ஏன் வரையறாங்க?"

ரோசம்மா என்னை முறைத்தாள். ஆனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, ஏனென்றால் ஹில்டா கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கிப் பதில் சொன்னார்.

"பத்தொன்பது வயசு எனக்கு. என் முதல் கல். கோயமுத்தூரிலிருந்து ஒரு இங்கிலீஷ் கடிதம் வந்தது. சிறுவனாக இருக்கும் கடவுள், அழகானவன், மயில் மேல் வருவான், கையில் ஈட்டி, மலையில் குடியிருக்கிறான். அவ்வளவுதான். படம் ஒன்றும் வைக்கவில்லை. எனக்குத் தெரிந்த மலை அது." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். ஊருக்கு வெளியே மலை நின்றது. உச்சியில் பனி.

"கை தப்பானது என் முட்டாள்தனம். எதிரே நின்றவனைப் பார்த்தபடியே வரைந்தேன். அப்போதிருந்த போர்மேன் என்னைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது. ஆனால் கப்பல் புறப்படும் நேரம். அப்படியே அடித்து அனுப்பினார்கள். மூன்று மாதம், இந்தியாவிலிருந்து திட்டி ஒரு கடிதம் வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். இன்னும் லேபிள் அனுப்புங்கள் என்றுதான் வந்தது."

மலை மேல் இருப்பது விபூதி என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள் என்றேன். விபூதி என்றால் என்ன என்று ரோசம்மா நெற்றியில் பூசுவது போலக் காட்டினாள். ஹில்டா முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வேண்டாம் என்று நினைத்தாலும் அது பட்டை போட்டது போலத்தான் இருந்தது.

முகத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். ஹில்டா கல்லின் மேல் படிந்த தூசியை ஊதினார். பிறகு, "உங்கள் கடவுள், உங்கள் லேபிள். புது முகத்தைத் தாளில் வரைந்து கொடுங்கள், கல்லில் ஏற்றித் தருகிறேன்" என்றார்.

"தாளில் வரையற பழக்கம் எனக்கு இல்லை. சுவரில் எழுதறவன் நேரா சுவரில்தான் எழுதுவான். கல்லைச் சுரண்டிக் கொடுக்கச் சொல்லு. மூஞ்சியை நானே போட்டுக்கறேன்" என்றேன். மாதிரி கேட்டதே எனக்கு அவமானமாக இருந்தது. ஹில்டா தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றார். திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம். போகும்போது கல்லிலிருந்து ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லி, ஈரம் காயும் முன்பே வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அதற்கு முன்னால் அந்த ஊர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். நான் எதிர்பார்த்தது நல்ல நிழலும் வெளிச்சமும் போட்ட பெரிய படங்கள். அப்படியும் இருந்தன. ஆனால் அவர் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய படத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நீலத்தில் ஒரு பட்டை, மஞ்சளில் ஒரு பட்டை. நிழல் என்பதே இல்லை. மூக்குக்கு ஒரே ஒரு கோடு.

"ஆர்ட்டிஸ்டண்ணா, இது பாதியில உட்டுப்போட்டு டீ குடிக்கப் போயிட்டானுங்களா?" என்றான் சாமியப்பன்.

ஹில்டா சொன்னார்: "இதை எங்கள் ஆட்கள் கிழக்கிலிருந்து கற்றுக்கொண்டார்கள். ஜப்பான் அச்சுப் படங்கள், பாரசீகம், உங்கள் நாட்டுச் சின்னஞ்சிறு ஓவியங்கள். நிழல் வேண்டாம், கோடு போதும் என்று உங்களைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிழல் போட நான் கத்துக்கிட்டதே உங்க லேபிளைப் பார்த்துத்தான். எங்க கோயில் சுவரில் இருந்த படத்தையெல்லாம் தட்டை என்று ஒதுக்கிவிட்டு, கன்னத்தில் நிழல் ஏற்றப் பல வருஷம் பாடுபட்டிருக்கேன். நீங்க நிழலை விட்டுட்டீங்க என்று எனக்கு ஒருத்தரும் தந்தி அடிக்கலையே!"

ரோசம்மா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அவர்கள் எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள், நாங்கள் அவர்கள் ஊர் பஸ்ஸில். வழியில் இரண்டு பஸ்ஸும் உரசிக்கொண்டு போனபோதுகூட ஜன்னலில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் வீடு சின்னது. தனியாக இருக்கிறார். சாப்பாட்டில் எங்களுக்காகக் கறியை விட்டுவிட்டு முட்டைக்கோசும் அந்த வெட்டிய இடியாப்பமும் செய்திருந்தார். அச்சாபீஸில் வாங்கிப்போன பிரதி சுவரில் குண்டூசியில் நின்றது. சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்: "இந்த லேபிளை உங்கள் ஜனங்கள் என்ன செய்வார்கள்? பெட்டியோடு எறிந்துவிடுவார்கள், இல்லையா?"

எறிவதாவது. நான் சொன்னேன். கண்ணாடி போடுவதைச் சொன்னேன். பூ வைப்பதை, சூடம் காட்டுவதை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதன் முன்னால் காசு முடிந்து வைத்து வேண்டிக்கொள்வதைச் சொன்னேன். கிருத்திகைக்கு என் மனைவி அதன் முன்னால்தான் விரதம் முடிப்பாள் என்றேன். எத்தனை வீட்டில் என்று கேட்டார். எண்ணி முடியாது என்றேன். எனக்கு அதைச் சொல்வதில் ஒரு பெருமை. உங்கள் கைத்தவறுக்கு எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதை என்று குத்திக் காட்டுகிற பெருமை.

அவர் எழுந்து சுவரில் இருந்த பிரதியின் பக்கத்தில் போய் நின்றார்.

"அது என் தம்பி" என்றார். "எமில். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயசு. சமையலறை ஸ்டூல் மேல் கம்பைப் பிடித்துக்கொண்டு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை நின்றான்."

ரோசம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எமில் பெரியவனானதும் பட்டாளத்தில் எடுத்தார்கள். ரஷ்யாவுக்குப் போனான், திரும்பவில்லை. வீடு குண்டில் எரிந்தபோது அவன் போட்டோக்கள் எல்லாம் போயின. இருபது வருஷத்துக்கு மேல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கல்லில் பார்க்கும்வரை.

"அப்போ முகத்தை மாத்த வேண்டாம்னு சொல்லச் சொல்லு" என்றேன், கோபத்தை விட்டுவிட்டு.

ஹில்டா தலையை வேகமாக ஆட்டினார். "மாற்றத்தான் வேண்டும். அங்கிருந்து கடைசியாக அவன் எழுதிய கடிதத்தில் ஒரு கிராமத்தைக் கொளுத்தினோம், நல்ல குளிர், நெருப்பு இதமாக இருந்தது என்று எழுதியிருந்தான். என் தம்பி எழுதினான் அதை. அந்தக் கிராமத்திலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். உங்கள் ஊரில் தாய்மார்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவனிடமா கேட்கிறார்கள்? வேண்டாம். நான் போட்டது, நானே சுரண்டி எடுக்கிறேன்."

நான் வந்தது அதற்காகத்தான். நான் கேட்டது எனக்குக் கிடைக்கிறது. ஆனாலும் மேஜையில் கையைக் குத்திக்கொண்டு எதிர்வாதம் பேசினேன். சந்தனம் குங்குமம் வைத்த பிறகு அது உங்கள் தம்பி இல்லை, முருகன் என்றேன். "முருகன் என்றால் அவன் முகம் எதற்கு? வேறு முகம் போதுமே" என்றார்.

திரும்பி நடக்கும்போது சாமியப்பன் வழியில் கிடந்த கூழாங்கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தான். பிறகு, "அந்தம்மா சொல்றதும் ஞாயந்தானுங்க. எங்கூட்டுலயும் அந்தப் படந்தான் இருக்குது. நேத்திக்கு வரைக்கும் கும்புட்டுப்போட்டு, இனிமே எப்படிக் கும்புடறதுன்னு ரோசனையா இருக்குது" என்றான். "நீங்க மூஞ்சிய மாத்திப்போடுங்க. எல்லாருக்கும் நிம்மதி."

திங்கட்கிழமை. ஹில்டா தன் சுரண்டியையே கொண்டுவந்திருந்தார், மரக் கைப்பிடி தேய்ந்த ஒரு பழைய சுரண்டி. உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டு, தொடங்கினார். நெற்றி போனது. கண் போனது. வாய் போகும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகச் செய்தார். கால் மணி நேரத்தில் மயில் மேல் கிரீடம் வைத்த ஒரு வெற்றிடம் உட்கார்ந்திருந்தது. காடி போன்ற ஒரு தண்ணீரை ஊற்றிக் கழுவினார். அறை முழுக்கப் புளித்த வாசம். கல் காய்ந்ததும் எழுந்து, நாற்காலியை எனக்கு விட்டுக் கொடுத்தார்.

என் கையில் கொழுப்பு கலந்த கறுப்புப் பென்சில். கல்லில் விரல் படக்கூடாது, விரலின் எண்ணெய்கூட அச்சில் விழுந்துவிடும் என்று ஒரு மரப்பலகையைக் குறுக்கே வைத்து, அதன் மேல் என் மணிக்கட்டை ஊன்றச் செய்தார். நேர்முகம், அதனால் இடவலக் குழப்பம் இல்லை. சுவரில் தொடங்குவது போலவே புருவத்தில் தொடங்கினேன். நல்ல தமிழ் முகம் ஒன்று என் மனசில் இருந்தது. வில் மாதிரி புருவம், நீளக் கண், கொஞ்சம் தடித்த உதடு. கை தடையில்லாமல் ஓடியது. சுவர் எழுதுகிறவனுக்கு யோசிக்க நேரம் கிடையாது, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அதே வேகத்தில் அரை மணியில் முடித்து, நிமிர்ந்து, "எப்படி?" என்றேன்.

சாமியப்பன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க, அதே பையனையே மறுக்கா வெச்சுப்போட்டீங்களே!"

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? நல்லாப் பார்ரா!"

"நல்லாத்தானுங்க பாக்கறேன். மூக்கு மட்டும் நம்மாளு மூக்கு. மிச்சமெல்லாம் அவனேதானுங்க."

குனிந்து பார்த்தேன். புருவத்துக்கும் கண்ணுக்கும் இடையே அதே தூரம். மேலுதடு லேசாகத் தூக்கியிருந்தது, எதையோ சொல்ல வந்து நிறுத்தியது போல. காதின் வளைவு. பதினைந்து வருஷம் சுவர் சுவராக நான் திட்டிக்கொண்டே எழுதியது. முருகன் என்று கையைத் தூக்கினால் என் கைக்குத் தெரிந்தது அந்த ஒரு முகம்தான். கறுப்பு வண்ணம் அடித்துவிட்டு நம் ஆள் என்று நினைத்திருக்கிறேன், மடையன்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. சுரண்டியை எடுத்தேன். என்னால் வேறு முகம் போட முடியாது, நீங்களே ஏதாவது போடுங்கள் என்று கத்தினேன். ஹில்டா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி.

"பிரதியைப் பார்த்து வரைந்தாரா?" என்று ரோசம்மாவிடம் கேட்டார்.

"ஒன்றையும் பார்க்கவில்லை" என்றேன்.

"இதற்கு முன் எத்தனை தடவை வரைந்திருக்கிறார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவிநாசியிலிருந்து தாராபுரம் வரைக்கும் சுவர் இருக்கிற இடமெல்லாம்."

கல்லுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அந்த அகலமான மூக்கின் மேல் அவர் பார்வை நின்றது. அடுத்த அறையில் புது மெஷின் மட்டும் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"இவனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"பன்னெண்டு இருக்குமுங்க" என்றேன். அந்த ஊரில் அதுவரை என் வாயில் வராத மரியாதை தானாக வந்தது.

"அதற்கு மேல் ஏறுமா?"

"ஏறாதுங்க. எங்க ஊர்ல இவருக்கு வயசே ஏறாது."

ரோசம்மா அதைச் சொன்னாள். ஹில்டா கேட்டுக்கொண்டு, என் கையிலிருந்து சுரண்டியை வாங்கினார். மறுபடியும் சுரண்டப் போகிறார் என்று நான் நினைத்தேன். அதைத் துணியில் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடிக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்தார். அதில் பிசின் கரைத்து வைத்திருந்தது, எங்கள் ஊர் வேலம்பிசின் மாதிரியேதான், அதில் சில சொட்டு அமிலம் விட்டுக் கலக்கினார். வரைந்ததைக் கல்லில் பிடிக்க வைப்பது அதுதான்.

அகலமான பிரஷ்ஷைத் தோய்த்து, நெற்றியிலிருந்து தாடை வரை, எதையும் விடாமல் பூசினார்.